வீட்டுத் தச்சும் பள்ளிக் கல்வியும்

மண்வெட்டியின் காம்பு ஒடிந்து விடுகின்றது. முக்காலியின் கால் ஆட்டங்கொடுக்கின்றது. தோட்டத்துக் கதவு ஒரு பக்கமாகத் தொங்கித் தரையைக் கீறுகின்றது. இவை எந்த வீட்டிலும் நிகழக்கூடிய சிறு நிகழ்ச்சிகள். இவை நிகழும்பொழுது நாம் என்ன செய்கின்றோம்? பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவோர் சிலர். தச்சர் வரும் நாளை எதிர்நோக்கிக் காத்திருப்போர் சிலர். தாமே ஓர் உளியையும் இரம்பத்தையும் எடுத்து, ஒரு நாழிகை அமர்ந்து, பழுதைச் சீர்செய்வோர் மிகச் சிலர். அந்த மூன்றாம் வகையாரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

ஒரு காம்பு மாற்றுவதற்கு வரலாறு உண்டோ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. உடைந்த பொருளைச் சீர்செய்யும் திறன் யாருக்கு உரியது? தச்சர் குலத்தில் பிறந்தவர்க்கு மட்டுமா? அல்லது எழுத்தும் எண்ணும் போல எல்லாக் குழந்தைகளுக்குமா? இந்த வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஐரோப்பிய நாடுகள் இரண்டு எழுப்பின. அவை கண்ட விடை பல நாடுகளுக்குப் பரவியது. அதே வினா வேறு வடிவத்தில் நம் தமிழகத்திலும் எழுந்து, ஒரு பெரும் போராட்டத்துக்கே காரணமாயிற்று.

நம் பழைய இலக்கியத்தில் தச்சுத் தொழிலுக்கு நல்ல மதிப்பு உண்டு. புறநானூற்றில் ஒளவையார், பரிசில் தரக் காலம் தாழ்த்திய அதியமானின் வாயிற்காவலனை நோக்கிப் பாடும் பாட்டொன்று இருக்கின்றது. அதில் தம்மைப் போன்ற கலைவல்லார்க்கு அவர் உவமையாகக் காட்டுவது, கோடரியோடு காட்டுக்குள் புகும் தச்சச் சிறுவர்களை. கைத்திறன் படைத்த அச்சிறுவர்க்குக் காடு முழுவதும் பயன்படுவது போல, கல்வி உடையார்க்கு உலகம் முழுவதும் வாழ்வு உண்டு என்பது அவர் கருத்து. கைத்திறனையும் கல்வியையும் ஒரே தட்டில் வைத்த பெருமை அப்பாட்டுக்கு உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கோடரி பிடித்த சிறுவர் தச்சனின் மக்களே. பிற்காலத்தில் கருவி பிறப்போடு மேலும் இறுகப் பிணைந்தது. உளி ஒரு குலத்துக்கு, சக்கரம் ஒரு குலத்துக்கு, எழுத்தாணி ஒரு குலத்துக்கு என்று பிரிவு வலுத்தது.

சுவீடன், பின்லாந்து முதலிய வட நாடுகளின் சிற்றூர்களில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே குளிர்காலம் ஆறு திங்கள் வரை நீடிப்பதுண்டு. வயல்கள் பனியில் மூடிக் கிடக்கும். பகற்பொழுது மிகக் குறுகியது. வெளியே வேலை இல்லாத அந்நாட்களில் குடும்பம் முழுவதும் அடுப்பங்கரையைச் சுற்றி அமரும். பெண்கள் நூற்பார்கள், நெய்வார்கள். ஆண்கள் மரத்தைச் செதுக்குவார்கள். கோடையில் வைக்கோல் வாரும் வாருகோலின் பற்கள் உதிர்ந்திருக்கும். புதிய பற்களைச் சீவிப் பொருத்துவார்கள். கோடரிக்குக் காம்பு, பாலுக்கு வாளி, கூழுக்கு அகப்பை, குழந்தைக்குத் தொட்டில் என எல்லாம் அவ்வீட்டிலேயே உருப்பெற்றன. தொழில் தெரிந்த தச்சர்களும் அந்நாடுகளில் இருந்தனர். ஆயினும் பரந்து கிடந்த அந்நாட்டுப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த பண்ணை வீட்டுக்கும் இடையே காடும் ஏரியும் கிடந்தன. ஒவ்வொரு சிறு பழுதுக்கும் தச்சரைத் தேடிச் செல்வது இயலாத செயல்.

இந்த வீட்டுக் கைத்திறனைச் சுவீடிய மொழியில் ‘ஸ்லோய்டு’ என்பர். கைநேர்த்தி, சாமர்த்தியம் என்னும் பொருள் தரும் பழைய வடமேற்கு ஐரோப்பியச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தச்சு என்பது தொழிலின் பெயர். ஸ்லோய்டு என்பதோ மனிதனிடம் உள்ள ஒரு பண்பின் பெயர். இவ்வேறுபாடு பின்னே பயன்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோய்டு அறிந்த குடியானவன் மரத்தை நன்கு அறிந்தவன். அதிர்ச்சியைத் தாங்கும் ‘ஆஷ்’ மரம் கருவிக் காம்புக்கு ஏற்றது என்பதும், ‘பிர்ச்’ மரம் கிண்ணத்துக்கும் கரண்டிக்கும் ஏற்றது என்பதும் அவனுக்குத் தெரியும். கொக்கி வேண்டுமானால் இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி வெட்டுவான். நேரான பலகையை வளைவாக அறுத்தால் அதன் இழைகள் அறுபட்டு வலிமை குன்றும். வளைந்து வளர்ந்த கிளையிலோ இழைகளும் உடன் வளைந்திருக்கும். அவனுடைய தோட்ட வேலியில் ஆணி ஒன்றும் இராது. பிளந்த கழிகளைச் சாய்வாக அடுக்கி, நட்ட முளைகளுக்கு இடையே செருகி, இளங்கொம்புகளை முறுக்கிக் கட்டிய வேலி அது. வேலியில் ஒரு கழி உளுத்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம். ஒரு பொருளைச் செய்யும்பொழுதே அதைச் சீர்செய்யும் வழியையும் எண்ணிச் செய்த அறிவு அதில் விளங்குகின்றது அன்றோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாழ்க்கை தளரலாயிற்று. ஆலைகள் தோன்றின. 1856ஆம் ஆண்டு முதல் சுவீடனில் பெரிய இருப்புப் பாதைகள் இயங்கத் தொடங்கின. ஆலையில் செய்த வாளியும் வாருகோலும் சிற்றூர்க் கடைக்கு வந்தன. மலிவாகக் கிடைப்பதை வீட்டில் எதற்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பரவியது. குளிர்கால மாலைகளை மது நிரப்பிற்று. ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் சாராயம் காய்ச்சும் வழக்கம் அந்நாட்டில் பெரும் கேடாக வளர்ந்திருந்தது. 1855ஆம் ஆண்டில் வீட்டில் சாராயம் காய்ச்சுவதைச் சுவீடன் சட்டத்தால் தடுத்தது. எனினும் குடிப்பழக்கம் சட்டத்தால் மட்டும் மறையவில்லை. 1860களின் பிற்பகுதியில் வட நாடுகளில் கொடிய பஞ்சமும் வந்தது. பின்லாந்தில் 1866 முதல் 1868 வரை பசியாலும் நோயாலும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுவீடனிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினர்.

இந்தச் சூழலில்தான் பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்னும் சமயபோதகர் ஒரு புதிய எண்ணத்தை முன்வைத்தார். 1810ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். இளமையில், அப்பொழுது உருசியருக்கு உரியதாயிருந்த அலாசுக்காவின் சிட்கா நகரில் ஐந்தாண்டுகள் பணியாற்றினார். பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பள்ளியொன்றை நடத்தினார். அங்கே பெஸ்டலாட்ஸி, புரோபெல் ஆகிய கல்வியறிஞர்களின் நூல்களில் ஈடுபட்டார். கண்ணும் கையும் பயிலாத கல்வி அரைக் கல்வியே என்னும் முடிவுக்கு வந்தார். பின்லாந்து அக்காலத்தில் உருசியப் பேரரசுக்கு உட்பட்ட நாடு. தன் பொதுக் கல்வியை அப்பொழுதுதான் வகுத்துக்கொண்டிருந்தது. அப்பொறுப்பு சிக்னேயஸ் கையில் வந்தது. 1863ஆம் ஆண்டில் யூவாஸ்கூலா நகரில் அவர் தலைமையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பெற்றது. 1866ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம், நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகள் கைத்தொழில் பயில்வதைக் கட்டாயமாக்கிற்று. பொதுப்பள்ளியில் கைத்தொழிலைக் கட்டாயப் பாடமாகச் சட்டத்தால் ஏற்ற முதல் நாடு என்று கல்வி வரலாற்றில் பின்லாந்து போற்றப்பெறுகின்றது.

சிக்னேயஸின் நோக்கத்தைச் சரியாக உணர வேண்டும். அவர் நாட்டுக்குத் தச்சர்களை உருவாக்க விரும்பவில்லை. கண்ணுக்கு அளவும், கைக்குத் துல்லியமும், மனத்துக்கு உருவ உணர்வும் வேண்டும் என்றே விரும்பினார். ஆகவே கைத்தொழிலைக் கற்பிப்பவர் வெளியிலிருந்து வந்த தொழிலாளியாக இல்லாமல், எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அதே ஆசிரியராக இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சுவீடனில் இப்பணியை மேற்கொண்டவர் ஒட்டோ சாலமன். கோத்தன்பர்க் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கரை ஒன்றில் ‘நேஸ்’ என்னும் பண்ணை மாளிகை இருக்கின்றது. அதனை 1868ஆம் ஆண்டில் ஆகஸ்ட் ஆபிரகாம்சன் என்னும் வணிகர் வாங்கினார். அடுத்த ஆண்டில் அவருடைய மனைவி காலமானார். தம் செல்வத்தை நற்பணிக்குச் செலவிடக் கருதிய அவர், மருமகனாகிய சாலமனைத் துணைக்கு அழைத்தார். 1872இல் சிறுவர்க்கும் 1874இல் சிறுமியர்க்கும் கைத்தொழிற் பள்ளிகள் நேசில் தொடங்கின. அடுத்து ஆசிரியர் பயிற்சியும் தொடங்கியது. 1877ஆம் ஆண்டில் சாலமன் பின்லாந்துக்குச் சென்று சிக்னேயஸைக் கண்டார். வருவாய்க்காகச் செய்யும் கைத்தொழில் வேறு, கல்விக்காகச் செய்யும் கைத்தொழில் வேறு என்ற தெளிவு அவருக்கு அங்கே பிறந்தது. 1880ஆம் ஆண்டுக்குப் பின் சில வாரங்களில் முடியும் குறுகிய பயிற்சிகளை நேஸ் நடத்தலாயிற்று. பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், ஆடவரும் பெண்டிரும், அங்கே வந்து கத்தியும் இழைப்புளியும் பிடிக்கக் கற்றனர்.

நேசில் என்ன கற்பித்தார்கள்? சாலமன் ஏறத்தாழ 50 பொருள்களை எளிமையிலிருந்து அருமைக்குச் செல்லும் ஒரு படிவரிசையாக அமைத்தார். தொடக்கத்தில் வெறும் கத்தியால் சீவக்கூடிய சிறு குச்சிகள். அடுத்துப் பூச்செடி சாயாமல் நிற்க ஊன்றும் கோல். பின்னர்த் தோட்டத்தில் நாற்று நடத் துளையிடும் முளை. அதன்பின் சுத்தியற் காம்பு, கோடரிக் காம்பு, அகப்பை, முக்காலி, பெட்டி என்று வரிசை வளர்ந்து செல்லும். ஒவ்வொன்றும் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ உதவும் பொருளே. அழகுக்கென்று மட்டும் எதுவும் இல்லை. ஒவ்வொரு பொருளும் முன்னதைக் காட்டிலும் ஒரு புதிய செய்கையைக் கற்பிக்கும். முதற்கருவியாகக் கத்தியைத் தேர்ந்தமைக்கும் காரணம் உண்டு. கத்தி அங்குள்ள சிற்றூர்ச் சிறுவன் ஒவ்வொருவனும் ஏற்கெனவே பிடித்துப் பழகிய கருவி. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது சாலமனின் கோட்பாடு.

கோடரிக் காம்பை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு அது வெறும் கோல். ஆயினும் அதில் எத்தனை பாடங்கள் அடங்கியிருக்கின்றன! முதலில் மரத்தின் இழை ஓடும் திசையை அறிய வேண்டும். இழை காம்பின் நீளத்துக்குச் சரியாக ஓடாமல் குறுக்கே வெளியேறினால், அந்த இடத்தில்தான் காம்பு முறியும். அடுத்து, மரம் ஈரத்தால் பருத்தும் வறட்சியால் சுருங்கியும் மாறும் இயல்பை அறிய வேண்டும். அம்மாற்றம் குறுக்குவாட்டில் மிகுதி. நீளவாட்டில் மிகச் சிறிது. ஈர மரத்தில் செய்த காம்பு சில நாளில் உலர்ந்து சுருங்கி இரும்பின் கண்ணில் ஆட்டங்கொடுப்பது இதனால்தான்.

நம் ஊர்களில் மண்வெட்டி ஆட்டங்கொடுத்தால் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள்; காலையில் அது இறுகியிருக்கும். எனினும் சில நாளில் முன்னிலும் மிகுதியாக ஆடும். காரணம் என்ன? ஊறிய மரம் பருக்க முயல்கின்றது. இரும்பு வளையம் அதற்கு இடந்தருவதில்லை. ஆகவே உள்ளே இழைகள் நசுங்கிப் போகின்றன. மீண்டும் உலரும்பொழுது அம்மரம் முன்னிருந்த அளவினும் குறைந்துவிடுகின்றது. நன்கு உலர்ந்த மரத்தில் காம்பு செய்து, அதன் தலையை இரும்பின் கண்ணுக்குச் சரியாகச் சீவி, முனையில் பிளவிட்டு ஓர் ஆப்பை அறைந்து இறுக்குவதே நிலைத்த மருந்து. எங்கள் ஊரில் கருவேலங்காம்பு மாற்றும் முதியவர் ஒருவரிடம் இதனை நான் கேட்டேன். பௌதிகப் பாடம் எதுவும் படியாதவர் அவர். “தண்ணீர் கடன் கொடுக்கும் ஐயா, வட்டியோடு வாங்கிக்கொள்ளும்” என்று ஒரே சொல்லில் விளக்கிவிட்டார்.

தொங்கிய தோட்டக் கதவும் இத்தகையதே. கதவின் சட்டம் நான்கு பக்கமும் சரியாக இருந்தாலும், தன் எடையால் அது சாய்சதுரமாக நெளிந்துவிடும். நான்கு சட்டங்களால் ஆன உருவம் நெளியக்கூடியது. மூன்றால் ஆன முக்கோணமோ நெளியாது. ஆகவே மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் வைக்கின்றோம். எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு? கீழ்க்கீலின் அருகிலிருந்து, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு. அப்பொழுது கதவின் எடை அச்சட்டத்தின் வழியே இறங்கிக் கீழ்க்கீலைச் சேரும். சட்டம் அமுங்கி நின்று தாங்கும். மாற்றி வைத்தாலோ, சட்டம் இழுபட்டு ஆணிகள் கழன்று வரும். ஆடும் முக்காலிக்கு ஆணி அடிப்பவர் பலர். கால் பொருந்தும் துளையைத் தூய்மை செய்து, காலின் முனையில் பிளவிட்டு, மெல்லிய ஆப்புச் செருகி இறுக்கினால் அது பல்லாண்டு நிற்கும். ஆணியோ மரத்தைப் பிளக்கும். வடிவ கணிதமும் பௌதிகமும் இங்கே ஏட்டிலிருந்து இறங்கி வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகின்றன.

சாலமன் வகுத்த விதிகள் சில இன்றும் எண்ணத்தக்கவை. மாணவன் ஒரு பொருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை தானே செய்தல் வேண்டும். ஆலையில் நிகழ்வது போல ஒருவன் அறுக்க, ஒருவன் இழைக்க, ஒருவன் பூட்டுதல் கூடாது. ஆசிரியர் வழி காட்டலாம். மாணவன் செய்யும் பொருளின்மீது தம் கையை வைத்தல் ஆகாது. ஆசிரியர் திருத்திக் கொடுத்தால் பொருள் அழகாகும். மாணவன் கற்பது குறையும் அல்லவா? முடிந்த பொருள் விற்பனைக்கு அன்று. மாணவன் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்வான். அவன் செய்த காம்பைத் தந்தை கோடரியில் பூட்டி விறகு பிளப்பார். அதுவே அவன் பெறும் மதிப்பெண். தேர்வாளர் கருணை காட்டலாம். விறகு கருணை காட்டாது.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. மாதிரி வரிசை நாளடைவில் மாறாச் சட்டம் போல இறுகிவிட்டது என்று கல்வியாளர் சிலர் குறை கூறினர். மாணவனின் சொந்தக் கற்பனைக்கு அதில் இடம் குறைவு. சிறுவர்க்கு மரம், சிறுமியர்க்குத் துணி என்ற பிரிவும் நெடுங்காலம் நீடித்தது. ஆணின் கை ஒன்று, பெண்ணின் கை மற்றொன்று என்று மரமும் உளியும் பார்ப்பதில்லை. மனிதரே அவ்வாறு பார்த்தனர். சுவீடனில் 1969ஆம் ஆண்டின் பாடத்திட்டம் இரு கைவேலைகளையும் இருபாலார்க்கும் பொதுவாக்கிற்று.

நேசின் எண்ணம் கடல் கடந்து சென்றது. 1880களின் இறுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் ஸ்லோய்டு வேரூன்றியது. இந்தியாவுக்கும் அதன் தொடர்பு உண்டு. வங்காளத்துச் சாந்திநிகேதனத்திலிருந்து லட்சுமீசுவர் சின்ஹா என்பார் சுவீடனுக்குச் சென்று இப்பயிற்சியைக் கற்றார். ஆயினும் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கும் இந்திய முயற்சி, பெரிதும் காந்தியடிகளின் சொந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது.

1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே, காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் தமக்கு உரிய 1,100 ஏக்கர் பண்ணையைச் சத்தியாக்கிரகக் குடும்பங்கள் தங்குவதற்கு அளித்தார். அதுவே தால்ஸ்தாய் பண்ணை. சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். வேலைக்காரர் எவரும் இல்லை. காலன்பாக் தச்சு அறிந்தவர். மற்றவர் அவரிடம் கற்றனர். வீட்டுக்கு வேண்டிய விசிப்பலகை முதல் பெட்டி வரை அவர்களே செய்துகொண்டனர். பண்ணைப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே ஆசிரியர். தாம் அறிந்த சிறிதளவு தமிழைக் கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் கற்பித்தார். படிப்பும் உடலுழைப்பும் அங்கே ஒரே நாளின் இரு பகுதிகளாக நடந்தன.

அந்த வித்து 1937ஆம் ஆண்டில் வார்தாவில் முளைத்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அங்கே கூடிய கல்வி மாநாடு, ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் கல்வியை ஏற்றது. அதனையே நாம் ஆதாரக் கல்வி என்றோம். பாடத்திட்டம் வகுக்க அமைந்த குழுவுக்கு ஜாகிர் உசேன் தலைவர். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத்துத் தமிழராகிய ஆரியநாயகமும் அக்குழுவில் இடம்பெற்றனர். நூற்பு, நெசவு, வேளாண்மை ஆகியவற்றோடு தச்சும் அதில் அடிப்படைத் தொழிலாக ஏற்கப்பெற்றது. நேசுக்கும் வார்தாவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நேசில் செய்த பொருள் மாணவன் வீட்டுக்குச் சென்றது. வார்தாத் திட்டத்திலோ, பொருளை விற்ற வருவாய் ஆசிரியர் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். ஏழை நாடு ஒன்றில் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி தருவதற்கு வேறு வழி தோன்றாத காலம் அது. எனினும் வருவாய் நோக்கம் மிகுந்தால் கல்வி நோக்கம் நலியும் என்று ஜாகிர் உசேன் குழுவே எச்சரித்தது.

நம் மாநிலத்தில் எழுந்த வினாவுக்கு இப்பொழுது வருகின்றேன். 1953ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டும் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரில் நடக்கும் பிற தொழிலையோ பழகுவர். இருக்கின்ற கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பதும், உழைப்பின் மதிப்பைப் பிள்ளைகள் உணர்வர் என்பதும் அரசு கூறிய காரணங்கள். ஆயினும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. தந்தை பெரியாரும், திராவிட முன்னேற்றக் கழகத்தாரும், காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே பலரும் அதனை எதிர்த்தனர். ‘குலக்கல்வித் திட்டம்’ என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1954ஆம் ஆண்டில் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், அவ்வாண்டு மே மாதத்திலேயே திட்டம் கைவிடப்பெற்றது.

மாணவன் ஒருவன் ஒருமுறை என்னிடம் கேட்டான்: “பின்லாந்திலும் பிள்ளைகள் தச்சு கற்றார்கள், இங்கும் தொழில் கற்கத்தானே சொன்னார்கள்? அங்கே போற்றியதை இங்கே ஏன் எதிர்த்தார்கள்?” நல்ல கேள்வி. விடை, கருவியைப் பிடித்த கை யாருடையது என்பதில் இருக்கின்றது. பின்லாந்தில் போதகரின் மகனும் குடியானவனின் மகனும் ஒரே விசிப்பலகையின் முன் நின்று, ஒரே கோடரிக் காம்பைச் சீவினர். அங்கே கைத்தொழில் பள்ளிக்கு உள்ளே வந்தது. 1953ஆம் ஆண்டுத் திட்டத்திலோ பிள்ளை பள்ளிக்கு வெளியே அனுப்பப்பெற்றான். தச்சரின் மகன் தச்சுப் பட்டறைக்கும், வண்ணாரின் மகன் துறைக்கும், அலுவலரின் மகன் புத்தகத்துக்கும் திரும்புவான் என்று மக்கள் அஞ்சினர். ஏட்டுக் கல்வியின் வாயில் அப்பொழுதுதான் திறக்கப்பெற்ற குடும்பங்களுக்கு அந்த அச்சம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பல தலைமுறைகளாகக் கருவியைச் சுமந்தவர்க்குக் கிடைத்த ஏட்டில் பாதியைக் குறைப்பது நீதி ஆகாது. ஏட்டைச் சுமந்தவர்க்கும் கருவியைக் கொடுப்பதே கல்வி ஆகும்.

அந்தப் போராட்டத்தின் பின்விளைவாக வேறொரு நிலையும் வந்தது. குலத்தொழில் என்னும் அச்சம் நியாயமானது. அதனோடு சேர்ந்து, கைத்தொழிலே தாழ்வு என்னும் பழைய எண்ணமும் நம்மிடையே மறையாமல் தங்கிவிட்டது. பள்ளிகளில் இருந்த கைத்தொழில் வகுப்புகள் தேர்வுக்கு உதவாதவை என்று பலரால் ஒதுக்கப்பட்டன. நான் ஆசிரியனாகப் பணியாற்றிய பள்ளியொன்றின் கிடங்கில் இழைப்புளிகளும் மூலைமட்டங்களும் துருவேறிக் கிடந்ததைக் கண்டிருக்கின்றேன். அதே பள்ளியில் உடைந்த விசிப்பலகைகளும் குவிந்து கிடந்தன. நோயும் மருந்தும் ஒரே அறையில் பூட்டிக் கிடந்தன.

பின்லாந்திலும் சுவீடனிலும் கைவேலை இன்றும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமாகவே விளங்குகின்றது. 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பின்லாந்துப் பாடத்திட்டம் மரவேலை, துணிவேலை என்ற பிரிவையே நீக்கி, இரண்டையும் ஒரே பாடமாக்கிற்று. ஆலைப் பொருளும் கணிப்பொறியும் நிறைந்த நாடுகளே அவை. வாருகோலின் பல்லை வீட்டில் சீவ வேண்டிய தேவை அங்கே இன்று யாருக்கும் இல்லை. ஆயினும் ஒரு பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது, எங்கே தளர்ந்தது, எதனால் தளர்ந்தது என்று பார்க்கும் கண் எக்காலத்துக்கும் வேண்டியது என்று அவர்கள் கருதுகின்றனர்.

மாணவர்களே, நீங்கள் மருத்துவர் ஆகலாம், வழக்கறிஞர் ஆகலாம், பொறியியலாளர் ஆகலாம். உங்களைத் தச்சராகச் சொல்லவில்லை. தச்சரின் தொழில் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. அவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுத்து அவரிடம் செய்துகொள்ள வேண்டிய வேலைகள் எத்தனையோ உண்டு. ஒரு காம்பைச் சீவிப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் தொழிலின் அருமை தெரியும். அவரிடம் பேரம் பேச அவன் நா எழாது. நான் கேட்பதெல்லாம் இதுவே. அடுத்த முறை உங்கள் வீட்டு முக்காலி ஆடும்பொழுது, அதைக் கவிழ்த்து வைத்து, எந்தக் கால், எந்தத் துளை, ஏன் தளர்ந்தது என்று சற்று நேரம் பாருங்கள். ஓர் ஆப்பைச் சீவிச் செருகிப் பாருங்கள். வீட்டில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பாராமல், உளியைப் பிடிக்கும் முறையைத் தம்பிக்கும் தங்கைக்கும் காட்டுங்கள். உளியின் கூர்முனை எப்பொழுதும் நம் உடலுக்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும் என்பதையும், மற்றொரு கை அதன் வழியில் நிற்றல் ஆகாது என்பதையும் முதலில் சொல்லிக்கொடுங்கள்.

உடைந்ததைச் சீர்செய்யும் திறன் ஒரு குலத்தின் சொத்தும் அன்று. ஒரு பாலாரின் சொத்தும் அன்று. எழுத்தைப் போல, எண்ணைப் போல, அது கற்பார் எல்லார்க்கும் உரியது.